பருவுக்கு எது, கறுப்புத் தழும்புக்கு எது? சாலிசிலிக் அமிலமும் நியாசினமைட்டும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டு பெயர்களைச் சுற்றியே வருகின்றன: சாலிசிலிக் அமிலம், நியாசினமைட். திருகோணமலை நகரத்துப் பாமசிகளில் இந்த இரண்டையும் கேட்டு ஆள் வராத நாள் இப்போது இல்லை. நான் பாமசி மேசையில் நின்று மருந்து கொடுக்கிறவள், தோல் வைத்திய நிபுணர் அல்ல. டொக்டரிடம் போகவேண்டிய இடம் வரும்போது அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். முதற்கடிதத்துக்குப் பதில் நீண்டுவிட்டது. மற்றவர்களும் அதை வாசித்துவிட்டுத் தங்கள் பதிலுக்கு வாருங்கள். அங்கே சொன்னதைத் திரும்பவும் எழுதவில்லை.

கேள்வி: அக்கா, எனக்கு 23 வயது. நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். காலை பதினொரு மணிக்கெல்லாம் நெற்றியும் மூக்கும் எண்ணெய் வழியும். நாடியிலும் கன்னத்திலும் பரு வந்து வந்து போகிறது. போன இடமெல்லாம் கறுப்புப் புள்ளி. என்னோடு வேலை செய்கிற பிள்ளை நியாசினமைட் சீரம் பூசி முகம் நல்லாய் வந்துவிட்டது. நானும் அதையே வாங்கிப் பூசினேன், பரு குறையவில்லை. கடையில் கேட்டால் சாலிசிலிக் அமிலம் பூசச் சொல்கிறார்கள். எது சரி? (உப்புவெளி வாசகி)

பதில்: தங்கச்சி, உங்கள் தோழிக்கு நடந்ததும் உண்மை, உங்களுக்கு நடந்ததும் உண்மை. இரண்டு பேரின் முகத்திலும் உள்ள கோளாறு ஒன்றல்ல, அவ்வளவுதான்.

சாலிசிலிக் அமிலத்தை உங்கள் வீட்டில் வேறு உருவத்தில் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். அப்பாவின் காலில் ஆணி வந்தால் ஒட்டுகிற பிளாஸ்டர் இருக்கிறதல்லவா, அதில் இருப்பது இதே அமிலம்தான், 40 வீதம். தடித்துப்போன தோலை ஊறவைத்து, செத்த கலங்களைப் பிடித்து வைத்திருக்கிற பிணைப்பைத் தளர்த்தி, உரியப் பண்ணுவது அதன் வேலை. முகத்துக்கு விற்பதில் அரை வீதத்திலிருந்து 2 வீதம் வரைதான் இருக்கும். வேலை அதேதான், மெதுவாக நடக்கிறது. இதற்கு இன்னொரு குணமும் உண்டு. இது எண்ணெயில் கரையும். தோலின் துவாரத்துக்குள் எண்ணெயும் செத்த கலங்களும் சேர்ந்து அடைத்துக்கொண்டு நிற்கிற இடத்துக்குள் நீரில் மட்டும் கரைகிற அமிலங்கள் இலேசில் போகா. சாலிசிலிக் போகும். மூக்கில் கறுத்த புள்ளிகள், நெற்றியில் விரலுக்குத் தட்டுப்படுகிற சின்னஞ்சிறு வெள்ளைக் குருக்கள், இவையெல்லாம் அடைப்பு. அடைப்பு உள்ளவருக்கு இதுதான் உதவும்.

நியாசினமைட் என்பது விற்றமின் பி3 இன் ஒரு வடிவம். நாங்கள் மஞ்சள் நிறத்தில் எண்ணிக் கொடுக்கிற பி கொம்பிளெக்ஸ் குளிசைக்குள்ளும் இது இருக்கிறது. சோளத்தையே நம்பிச் சாப்பிட்ட ஏழை மக்களுக்கு வெயில் படுகிற இடமெல்லாம் தோல் வெடித்துத் தடிக்கிற பெலாக்ரா என்ற நோய் இருந்தது. இந்த விற்றமின் இல்லாததால்தான் அது வருகிறது என்ற வழியை 1937 இல் அமெரிக்காவின் விஸ்கொன்சினில் கொன்ராட் எல்விஜெம் திறந்து வைத்தார். ஆகவே தோலுக்கும் இதற்கும் உள்ள உறவு நேற்று வந்த விளம்பரம் அல்ல. வெளியே பூசும்போது இது மூன்று, நான்கு வேலை செய்கிறது. கலங்களுக்கிடையே ஈரத்தைப் பிடித்து வைக்கிற செரமைட் என்ற கொழுப்பைத் தோல் கூடுதலாகச் செய்ய உதவுகிறது. சிவப்பையும் வீக்கத்தையும் தணிக்கிறது. எண்ணெயை ஓரளவு குறைக்கிறது. நிறத்தைச் செய்கிற கலம் அந்த நிறப்பொட்டலங்களை மேற்தோலின் கலங்களுக்குக் கைமாற்றுவதை மந்தமாக்குகிறது. கறுப்புத் தழும்பு மங்குவது இந்தக் கடைசி வேலையால்.

பருவுக்கு நியாசினமைட் சரிவராது என்று சொல்லவும் மாட்டேன். 1995 இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 4 வீத நியாசினமைட் ஜெல்லையும் 1 வீத கிளிண்டமைசின் என்ற அன்டிபயோட்டிக் ஜெல்லையும் எட்டு வாரம் பூசிப் பார்த்தார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. ஆனால் அது சிவந்து வீங்கிய பருக்களுக்கு. துவாரம் அடைபட்ட இடத்தை நியாசினமைட் திறக்காது. உங்கள் தோழிக்கு இருந்தது சிவப்பும் தழும்பும் என்று நினைக்கிறேன். உங்களுக்கு அடியில் அடைப்பு இருக்கிறது. அதைத் திறக்காதவரை புதுப் பரு வந்துகொண்டேயிருக்கும், தழும்பும் கூடிக்கொண்டேயிருக்கும்.

இது உங்களுக்குப் பொருந்துமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். முகத்தை மெதுவான பேஸ்வொஷ்ஷால் கழுவி, துவாயால் ஒற்றி, ஒன்றும் பூசாமல் ஒரு மணித்தியாலம் நிழலில் காற்றாடியின் கீழ் இருங்கள். பிறகு மெல்லிய டிஷ்யூவை நெற்றியிலும் மூக்கிலும் கன்னத்திலும் தனித்தனியாக அழுத்திப் பாருங்கள். எங்கள் ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. வியர்வையை எண்ணெய் என்று நினைத்துவிடுகிறோம். வியர்வை பட்ட டிஷ்யூ சிறிது நேரத்தில் காய்ந்துவிடும். எண்ணெய் பட்ட இடம் காயாமல், மறுபக்கம் தெரிகிற கறையாக நிற்கும். நெற்றி, மூக்கு, நாடியில் மட்டும் கறை இருந்தால் கலப்புத் தோல். எங்கும் இருந்தால் எண்ணெய்த் தோல். எங்குமே இல்லாமல் முகம் இழுத்துப் பிடித்தது போலிருந்தால் வறண்ட தோல்.

இனி எனக்கு மிக முக்கியமான இடம். எங்களுடையது மாநிறத் தோல். இந்தத் தோலில் எந்தக் காயம் பட்டாலும், எந்த எரிச்சல் வந்தாலும், அந்த இடம் கறுத்துத்தான் ஆறும். பரு கிள்ளினால் கறுப்பு. அளவுக்கு மேல் அமிலம் பூசி உரிந்தாலும் கறுப்பு. பருவைப் போக்க வாங்கிய போத்தலே புதுக் கறுப்பைக் கொண்டு வந்து கொடுத்த பிள்ளைகள் எத்தனையோ பேரை நான் மேசைக்கு முன்னால் கண்டிருக்கிறேன். வெள்ளைத் தோலுள்ள நாட்டில் எடுத்த வீடியோவில் ஒருத்தி இரண்டு வேளையும் அமிலம் பூசுகிறாள் என்றால், அவளுக்குச் சிவந்து ஆறிவிடும். உங்களுக்கு மாதக்கணக்கில் கறுப்பு நிற்கும். அதனால் எந்தப் பொருளைத் தெரிவு செய்தாலும், இது என் தோலை எவ்வளவு எரிச்சற்படுத்தும் என்ற கேள்வியை முதலில் கேளுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது இது. சாலிசிலிக் அமிலத்தைக் கழுவிவிடுகிற பேஸ்வொஷ்ஷாகவே தொடங்குங்கள், 2 வீதத்துக்கு மேற்படாமல், கிழமையில் இரண்டு அல்லது மூன்று இரவு. நுரைத்து முப்பது விநாடியாவது விட்டுக் கழுவுங்கள். கண்ணோரத்திலும் உதட்டோரத்திலும் படவிடாதீர்கள். மற்ற இரவுகளில் சாதாரணமான, வாசனை குறைந்த பேஸ்வொஷ். நீங்கள் வாங்கி வைத்திருக்கிற நியாசினமைட்டை எறியவேண்டாம், அதைக் காலையில் பூசுங்கள். 4 அல்லது 5 வீதம் போதும். போத்தலில் 10 என்று பெரிதாகப் போட்டிருந்தால் இரண்டு மடங்கு நல்லது என்று பொருள் இல்லை. சிலருக்கு அது குத்தி எரியும். அதன்மேல் இலேசான ஈரப்பதக் கிரீம், கடைசியாக சன்ஸ்கிரீன்.

சன்ஸ்கிரீன் இல்லாமல் தழும்பு போகாது. நாங்கள் வட அகலக்கோடு எட்டரைப் பாகையில் இருக்கிறோம். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த வெயில் போதாதென்று கடல் மணலிலிருந்தும் திரும்பி அடிக்கிறது. எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேல் எடுங்கள். சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கினால் வருகிற அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். கடலைமணி அளவு பூசுவது பூசாததற்குச் சமம்.

கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் இந்த ஒழுங்கை மாற்றுங்கள். மே முதல் ஓகஸ்ட் வரை மலைக்கு அப்பால் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் காய்ந்து வருகிற காற்று அது. அந்த நாட்களில் எண்ணெய்த் தோல் கூட மேலே வறண்டு, கீழே வழியும். உங்களுக்கு ஹோட்டல் ஏசியும் சேர்ந்து விடுகிறது. அப்போது சாலிசிலிக்கைக் கிழமைக்கு ஒரு இரவாகக் குறைத்து, ஈரப்பதக் கிரீமைக் கூட்டுங்கள். வாடைக் காலத்தில், மழையும் புழுக்கமுமாக இருக்கிறபோது, பழையபடி மூன்று இரவுக்குப் போகலாம்.

தொடங்கிய முதல் சில கிழமைகளில் அடைபட்டிருந்தவை மேலே வந்து பரு கூடினது போலத் தெரியலாம். பயப்படாதீர்கள். ஆனால் எரிச்சல், உரிதல், தண்ணீர் பட்டாலே குத்துதல் என்று வந்தால் அது வேறு. உடனே நிறுத்தி, தோல் ஆறும்வரை கிரீம் மட்டும் பூசுங்கள். பருவுக்கு எட்டு வாரமாவது கொடுக்கவேண்டும். தழும்பு மங்க மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம். பரு ஆழமாக, கட்டியாக, தொட்டால் நோகிறதாக இருந்தால் அல்லது குழி விழுகிறதென்றால் கடைச் சரக்கில் காலத்தைப் போக்காமல் வைத்தியசாலைத் தோல் கிளினிக்குக்குப் போங்கள். குழி விழுந்தபின் அதை நிரப்ப எந்த சீரமும் இல்லை.

கேள்வி: இரண்டையும் ஒன்றாகப் பூசினால் நியாசினமைட் கெட்டுப்போய் முகம் சிவக்கும் என்கிறார்களே? (சாம்பல்தீவு)

பதில்: அமிலம் நியாசினமைட்டை நியாசினாக மாற்றிவிடும், நியாசின் முகத்தைச் சிவக்க வைக்கும் என்பதிலிருந்து வந்த பயம் இது. அந்த மாற்றம் நடப்பதற்கு அதிக வெப்பமும் நீண்ட நேரமும் வேண்டும். முகத்தில் இருக்கிற நேரத்தில் அது பொருட்டல்ல. ஒரே இரவில் பூசுவதென்றால் சாலிசிலிக்கை முதலில் பூசி, காய்ந்தபின் நியாசினமைட்டைப் பூசுங்கள். இரண்டும் புதிதென்றால் ஒன்றைத் தொடங்கி, இரண்டு மூன்று கிழமை பார்த்து, பிறகு மற்றதைச் சேருங்கள். ஏதாவது ஒத்துக்கொள்ளாவிட்டால் எதனால் என்று அப்போதுதான் தெரியும்.

கேள்வி: வணக்கம். நான் தம்பலகாமத்தில் ஆசிரியை, வயது 47. இளமையிலிருந்தே வறண்ட தோல். முகம் கழுவினால் இழுக்கும். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு படர்ந்துவிட்டது. மகள் தன்னுடைய சாலிசிலிக் சீரத்தைப் பூசச் சொல்கிறாள். பூசலாமா? (தம்பலகாமம்)

பதில்: வேண்டாம், டீச்சர். மகளின் எண்ணெய் முகத்துக்கு அது மருந்து. உங்கள் முகத்தில் திறப்பதற்கு அடைப்பு இல்லை. ஈரத்தைக் காக்கிற தோலின் வேலி ஏற்கெனவே மெலிந்திருக்கிறது, அதை இது இன்னும் பிடுங்கும். எரியும், எரிந்த இடம் கறுக்கும், மங்கு இன்னும் கூடும்.

இந்த இரண்டுக்குள் உங்களுடையது நியாசினமைட்தான். சீரமாக வாங்காமல், கிளிசரினும் சேர்ந்த கிரீமாக வாங்குங்கள். முகம் கழுவிய கையோடு, ஈரம் முற்றாகக் காயுமுன் பூசுங்கள். குளிக்கிற சவர்க்காரத்தை முகத்துக்குப் போடுவதை இன்றோடு விடுங்கள். சவர்க்காரக் கட்டியின் காரத்தன்மை பி.எச். அளவில் 9 இலிருந்து 10 வரை. தோலின் இயல்பு 5 ஐ அண்டியது. ஒவ்வொரு முறை கழுவும்போதும் தோல் அந்த இடைவெளியைத் தாண்டித் திரும்பி வரவேண்டும். கிணற்றுத் தண்ணீர் சவர்க்கார நுரை எடுக்காத வன்னீர் என்றால் கழுவியபின்னும் முகத்தில் ஒரு படலம் மிஞ்சிவிடும், அதுவும் இழுக்கும்.

மங்கைப் பற்றி ஒரு வார்த்தை. அது வெயில், ஹோர்மோன், பரம்பரை மூன்றும் சேர்ந்து வருவது. கர்ப்பத்தோடு தொடங்குவது மிகச் சாதாரணம். குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையாலும் சிலருக்கு வரும். மங்கை நியாசினமைட் முற்றாக அழிக்கும் என்று உங்களிடம் சொல்லி விற்றால் நான் என் தொழிலுக்கு நேர்மையாக இல்லை. மங்க வைக்கும், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் மங்கைக் கூட்டும் என்பதால் உங்களுக்கு நிறமற்ற சன்ஸ்கிரீனை விட, இரும்பு ஒக்சைட் சேர்ந்த, தோல் நிறத்தில் வருகிற சன்ஸ்கிரீன் நல்லது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது குடையைப் பிடியுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஹைட்ரோகுவினோன் என்ற, நிறத்தைக் குறைக்கிற கிரீமைத் தெரிந்தவர்கள் கொடுத்தால் வாங்கிப் பூசாதீர்கள். டொக்டர் பார்த்து, குறித்த காலத்துக்கு மட்டும் தருகிற மருந்து அது. நீண்டகாலம் பூசினால் நீலக் கறுப்பாகப் படிந்து, பிறகு போக்குவது பெரும்பாடு.

கேள்வி: அக்கா, நான் கடலுக்குப் போகிறவன், வயது 26. கழுத்திலும் நெஞ்சிலும் முதுகிலும் வெளிறிய திட்டுத் திட்டாக இருக்கிறது, சுரண்டினால் மா மாதிரி உதிரும். வெயிலில் உப்புப் பட்டு வந்தது என்று அம்மா தேங்காயெண்ணெய் பூசிவிடுகிறா. நிறத்தைச் சரியாக்கும் என்று நியாசினமைட் வாங்கலாமா? (குச்சவெளி)

பதில்: தம்பி, காசை வைத்திருங்கள். நீங்கள் சொல்கிற விதத்தில் இது தேமல். எல்லோருடைய தோலிலும் வாழ்கிற மலசீசியா என்ற பூஞ்சணம், சூடும் வியர்வையும் சேர்ந்த இடத்தில் பெருகி, தோலின் நிறத்தை வெளிற வைக்கிறது. நியாசினமைட்டுக்கு இங்கே வேலை இல்லை. சாலிசிலிக் அமிலம் மேலே உதிர்கிறதை எடுக்கும், பூஞ்சணத்தை ஒழிக்காது. அம்மா அன்பாகப் பூசுகிற தேங்காயெண்ணெயோ அந்தப் பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. அது தோலிலுள்ள கொழுப்பில்தான் வளர்கிறது.

பாமசியில் கீட்டோகொனசோல் ஷம்பூ கேளுங்கள். திட்டு உள்ள இடமெல்லாம், அதற்கு வெளியே கொஞ்சமும் சேர்த்து, நுரைத்து ஐந்து நிமிடம் விட்டுக் கழுவவேண்டும். எத்தனை நாள் என்று பாமசியில் உங்கள் உடம்பைப் பார்த்துச் சொல்வார்கள். கடலால் வந்ததும் நல்ல தண்ணீரில் குளித்து, ஈர பெனியனை மாற்றிவிடுங்கள். மருந்து முடிந்த பிறகும் வெளிறல் உடனே போகாது, நிறம் திரும்ப மாதங்கள் செல்லும். உதிர்வது நின்றுவிட்டால் பூஞ்சணம் போய்விட்டது என்று அறியுங்கள், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து வேறொன்றுக்கு ஓடவேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். வெளிறிய இடத்தில் தொட்டால் உணர்ச்சி தெரியவில்லை என்றால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். அது வேறு நோயாக இருக்கலாம், நல்ல மருந்து உள்ள நோய்தான்.

கேள்வி: சகோதரி, எனக்கு ஒரே மகள், 14 வயது. முகம் நிறையப் பரு. டிக்டொக்கைப் பார்த்துவிட்டு அஸ்பிரின் குளிசையை அரைத்துத் தேனில் குழைத்துப் பூசினாள். மறுநாள் தேசிக்காய்ப் புளியைத் தடவிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். இப்போது கன்னத்தில் தீப்பட்டது போலக் கோடு கோடாகக் கறுத்திருக்கிறது. அவளுக்கு எதை வாங்கிக் கொடுக்க? (கிண்ணியா)

பதில்: சகோதரி, பிள்ளையை ஏசாதீர்கள். முகத்தில் பருவோடு பதினான்கு வயதில் வகுப்புக்குப் போவது அவளுக்கு எவ்வளவு பெரிய பாரம் என்று நினைத்துப் பாருங்கள். கிடைத்ததை எடுத்துப் பூசியிருக்கிறாள்.

அந்தக் கோடுகள் தேசிக்காயால் வந்தவை. தேசிக்காயின் தோலிலும் சாற்றிலும் உள்ள ஒரு பொருள் வெயில் பட்டதும் தோலைச் சுடும். சாறு வழிந்த வழியிலேயே கோடு கோடாகக் கறுக்கும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே பொருந்துகிறது. கொப்புளம் இருந்தால் டொக்டரிடம் காட்டுங்கள். கறுப்பு மட்டும் என்றால் வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் வாரங்களிலோ மாதங்களிலோ தானாக மங்கும். அதை வேகமாகப் போக்க வேறெதையும் பூசவேண்டாம்.

அஸ்பிரின் என்பது அசற்றைல்சாலிசிலிக் அமிலம். பெயரில் உறவு இருந்தாலும் முகத்துக்குப் பூசுகிற சாலிசிலிக் அமிலம் அதுவல்ல. குளிசைக்குள் மாவும் ஒட்டுப்பொருளும் இருக்கும், எவ்வளவு வீதம் முகத்தில் படுகிறதென்று எவருக்கும் தெரியாது, கரையாத துகள் தோலைக் கீறும். இதேபோல விட்பீல்ட் களிம்பையும் சிலர் முகத்துக்கு எடுக்கிறார்கள். அது படர்தாமரைக்கு உள்ளது, 3 வீத சாலிசிலிக்கோடு 6 வீத பென்சோயிக் அமிலமும் சேர்ந்தது. முகத்துக்கு வேண்டவே வேண்டாம்.

இப்போதைக்கு ஒரு மாதம் அவள் முகத்துக்கு மெதுவான பேஸ்வொஷ், இலேசான கிரீம், சன்ஸ்கிரீன் தவிர ஒன்றும் வேண்டாம். தோல் ஆறியபின் அரை வீத அல்லது 1 வீத சாலிசிலிக் பேஸ்வொஷ் கிழமைக்கு இரண்டு இரவு தொடங்கலாம். முதுகெல்லாம் நெஞ்செல்லாம் பூச விடாதீர்கள். சிறுபிள்ளைகளின் உடம்பில் பரந்த இடத்தில் பூசினால் இரத்தத்துக்குள் கூடுதலாகப் போகும். அஸ்பிரினுக்கு ஒவ்வாமை உள்ள குடும்பம் என்றால் கேட்டுவிட்டே தொடங்குங்கள். தலைக்கு வைக்கிற எண்ணெய் நெற்றிக்கு வழிகிறதா என்றும் பாருங்கள். முடி தொடங்குகிற ஓரத்திலேயே பரு நிறைய என்றால் அதுதான் காரணமாக இருக்கும்.

கேள்வி: கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தால் பருவும் தழும்பும் போகும் என்று பெரியவர்கள் சொல்கிறார்களே? (பாலையூற்று)

பதில்: அந்த ஏழு கிணறுகளுக்கும் எங்கள் மனதில் உள்ள இடம் வேறு. அதற்காகப் போங்கள். பருவுக்கு என்று போகவேண்டாம். சுடுதண்ணீர் தோலிலுள்ள எண்ணெயைக் கழுவி எடுத்துவிடும். வறண்ட தோல் உள்ளவர் வீட்டுக்கு வருமுன்னே இழுப்பை உணர்வார்.

கேள்வி: அக்கா, இரண்டு மாதத்தில் எனக்குக் கல்யாணம். சந்தையில் ஒரு கடையில் லேபல் இல்லாத சின்ன டப்பாவில் கிரீம் தந்தார்கள். ஒரு கிழமையில் முகம் வெளுத்துவிட்டது, எல்லோரும் கேட்கிறார்கள். இப்போது ஒரு நாள் பூசாவிட்டால் சிவந்து, அரித்து, பரு கிளம்புகிறது. மாப்பிள்ளை வீட்டார் வெள்ளையாக இருக்கவேண்டும் என்று சொல்லவில்லை, ஆனால் அம்மாவுக்குக் கவலை. நியாசினமைட் பூசினால் இதே வெளுப்பு நிற்குமா? (பெயர் வேண்டாம், அநுராதபுரச் சந்தி)

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தைத்தான் இம்முறை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

ஒரு கிழமையில் வெளுக்க வைப்பதும், விட்டால் சிவந்து கிளம்புவதும் ஸ்டீரொய்ட் உள்ள கிரீமின் அடையாளம். குளோபெட்டசோல், பெட்டாமெதசோன் போன்றவை. நல்ல மருந்துகள்தான், எக்ஸிமாவுக்கும் சொரியாசிசுக்கும் டொக்டர் எழுதி நாங்கள் கொடுக்கிறோம். முகத்தில் நாளும் பூசினால் தோல் மெலிந்து, சின்ன இரத்தக் குழாய்கள் தெரிந்து, மயிர் வளர்ந்து, பரு நிறையும். லேபல் இல்லாத டப்பாவில் பாதரசமும் இருக்கக்கூடும். நிறத்தைக் குறைக்க உலகம் முழுக்க அதைக் கள்ளத்தனமாகச் சேர்க்கிறார்கள். பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து செய்த மினமாட்டா உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுக் கிரீம்களுக்கு 2020 ஐ எல்லையாக வைத்துத் தடை போட்டது. பாதரசம் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். துவாயாலும் தலையணையாலும் வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் போகும்.

நியாசினமைட் அந்த வெளுப்பைப் பிடித்து வைக்காது. அது உங்களை உங்கள் நிறத்திலிருந்து மாற்றுகிற பொருளே அல்ல. தழும்பை மங்க வைத்து, உங்கள் நிறத்தைச் சமமாக்கும். சாலிசிலிக்கை இந்த முகத்தில் நினைக்கவும் வேண்டாம்.

டப்பாவை எறியாமல் பையில் போட்டுக்கொண்டு இந்தக் கிழமையே தோல் கிளினிக்குக்குப் போங்கள். ஸ்டீரொய்ட்டை ஒரேயடியாக விட்டால் முகம் மோசமாகக் கிளம்பும். எப்படிக் குறைப்பது, இடையில் எதைப் பூசுவது என்று டொக்டர்தான் ஒழுங்கு போடவேண்டும். கை கால் விறைப்பு, நடுக்கம், கால் வீக்கம் இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். இரண்டு மாதம் இருக்கிறது, அதற்குள் சிவப்பையும் அரிப்பையும் பெரும்பாலும் அடக்கலாம். பந்தலில் உங்கள் சொந்த நிறத்தோடு, எரியாத முகத்தோடு இருப்பீர்கள். அம்மாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். மாப்பிள்ளை வீட்டார் கேட்காத ஒன்றுக்காக மகளின் சிறுநீரகத்தைக் கொடுக்க எந்தத் தாயும் சம்மதிக்கமாட்டா.

கேள்வி: நான்கு மாதக் கர்ப்பிணி. முன்பு பூசிய சாலிசிலிக்கும் நியாசினமைட்டும் தொடரலாமா? (மூதூர்)

பதில்: நியாசினமைட்டைத் தயங்காமல் தொடருங்கள். சாலிசிலிக்கில், முகம் மட்டும் கழுவுகிற 2 வீத பேஸ்வொஷ்ஷைப் பொதுவாக ஏற்கத்தக்கதென்றே கருதுகிறார்கள், ஆனால் அடுத்த கிளினிக்கில் போத்தலைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். அழகு நிலையங்களில் செய்கிற கூடிய வீத சாலிசிலிக் பீலிங் பிள்ளை பிறக்கும்வரை வேண்டாம். ரெட்டினோல், ட்ரெட்டினொயின், அடாபலீன் என்ற பெயர்கள் எந்தக் கிரீமில் இருந்தாலும் அதை இன்றே நிறுத்துங்கள். பரு கூடி ஏதாவது வேண்டுமென்றால் அசெலெயிக் அமிலத்தைப் பற்றி டொக்டரிடம் கேளுங்கள், கர்ப்ப காலத்தில் கொடுக்கக்கூடியது அது.